கிர்நார்: மலையும் பாறையும்

பாரத நாட்டின் புகழ்பெற்ற மலைகளுள் பெரும்பாலானவற்றுக்குப் புராணம் உண்டு. எழுதிவைத்த வரலாறு உடையவை மிகச் சிலவே. புராணமும் வரலாறும் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாக, நடந்து செல்வோன் கண்ணெதிரே நிற்கும் மலை அதனினும் அரிது. சௌராஷ்டிரத்துக் கிர்நார் மலை அத்தகையது. அதன் அடிவாரத்தில் ஒரு பாறை. அப்பாறைமீது மூன்று அரசமரபினர் காலத்து எழுத்து. மலைமீது சிகரந்தோறும் ஒரு கோயில். கோயில்தோறும் ஒரு கதை. மேலே ஏறிச் சென்று வணங்குவோர் பல்லாயிரவர். கீழே நின்று அவ்வெழுத்தை நோக்குவோர் சிலர். இரண்டையும் ஒருசேர நோக்கினால் புலப்படுவது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

குஜராத் மாநிலத்தில், ஜூனாகட் நகருக்குக் கிழக்கே, சமவெளியினின்று தனித்தெழுந்து நிற்கின்றது இம்மலைத்தொகுதி. அதன் உச்சி 3,500 அடிக்கு மேற்பட்டது. அம்மாநிலத்தில் அதனினும் உயர்ந்த இடம் வேறில்லை. நிலத்தின் ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு வெளியே வழிந்தோடாமல் உள்ளேயே இறுகிக் கல்லாகியது. மேலே மூடியிருந்த அடுக்குகள் மழையாலும் காற்றாலும் அரிப்புண்டு நீங்க, உள்ளிருந்த வன்பாறை சிகரங்களாக நின்றது என்பர் நிலநூலார். மகாபாரதம் கூறும் ரைவதகம் இதுவே என்பது மரபு. பழைய கல்வெட்டு இதனை ஊர்ஜயத் என்கின்றது. சமண நூல்கள் உஜ்ஜயந்தம் என்று போற்றுகின்றன. அடிவாரத்து ஊரின் பழம்பெயர் கிரிநகரம். அதுவே திரிந்து கிர்நார் ஆகி, பின்னர் மலைக்கே பெயராயிற்று.

நகரின் உபர்கோட் கோட்டையைக் கடந்து, மலையை நோக்கிச் செல்லும் பாதையில் நாம் நடப்போமாயின், ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் உருண்டு திரண்ட பெரும் பாறை ஒன்றைக் காண்போம். உயரம் ஏறத்தாழ 12 அடி. அடிப்பகுதியின் சுற்றளவு ஏறத்தாழ 75 அடி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அசோகன் தன் 14 கட்டளைகளையும் இதன்மீது வெட்டுவித்தான். பிற்காலத்தார் அவ்வெழுத்தைப் படிக்கும் ஆற்றலை முற்றும் இழந்தனர். 1822-இல் ஜேம்ஸ் டாட் என்னும் ஆங்கிலேயர் பாறையைக் கண்டு வியந்தார், படிக்க இயலவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தின் திறவுகோலைக் கண்டறிந்தார். மறு ஆண்டு, இப்பாறையினின்று எடுத்த படியில் அந்தியோகன் என்னும் யவன அரசன் பெயரை அவர் படித்தறிந்தார். அதன்பின் அசோகனது காலத்தை வரையறுப்பதற்கு வழி பிறந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பாறை மற்றொரு செய்தியையும் கூறுகின்றது. அசோகனது ஆணை நாடெங்கும் ஒரே ஒலியில் பொறிக்கப்படவில்லை. கலிங்கத்துத் தௌலியில் ‘லாஜா’ என்று லகரம் பெற்ற அரசன், கிர்நாரில் ரகரத்தோடு ‘ராஜா’ ஆகின்றான். ஆள்வோன் சொல்லை ஆளப்படுவோர் நாவுக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்த எழுத்தர் ஒருவர் அன்றும் இருந்தார். அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் பணி கல்லில் நிற்கின்றது.

முதற்கட்டளை உயிர்க்கொலையைப் பற்றியது. அரசனது மடைப்பள்ளியில் முன்னாளில் நாள்தோறும் நூறாயிரக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானுமே கொல்லப்படுகின்றன என்றும், அம்மானும் எந்நாளும் அன்று என்றும், இனி இம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்றும் அது கூறுகின்றது. தன் வீட்டு அடுப்படியின் கணக்கைப் பேரரசன் ஒருவன் ஊரறியக் கல்லில் எழுதிவைத்தான் என்பது எண்ணத்தக்கது.

இரண்டாம் கட்டளை தமிழர்க்கு நெருங்கிய உறவுடையது. மனிதர்க்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் அளிக்க அசோகன் செய்த ஏற்பாடு எட்டிய நாடுகளுள் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் தாமிரபரணி என்னும் இலங்கையும் எண்ணப்படுகின்றன. சதியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் அறிஞரிடையே வழக்காயிருந்தது. 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று அழைத்து அவ்வழக்கைத் தீர்த்துவைத்தது. கிர்நாரின் அடிவாரத்தில் எழுந்த வினாவுக்குப் பெண்ணையாற்று நாட்டுப் பாறை விடை கூறியது எனலாம்.

இப்பாறையின் மற்றொரு பக்கத்தில் மகாக்ஷத்திரபன் ருத்ரதாமனது கல்வெட்டு உள்ளது. வடமொழியில் அமைந்த நெடிய அரசாங்கக் கல்வெட்டுகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அதன் பொருள் போரன்று, ஓர் ஏரி. சந்திரகுப்த மௌரியனது மாகாண அதிகாரியான புஷ்யகுப்தன் என்னும் வைசியன் மலையாறுகளை மறித்துச் சுதர்சனம் என்னும் ஏரியை அமைத்தான். அசோகன் காலத்தில் துஷாஸ்பன் என்னும் யவனத் தலைவன் அதற்குக் கால்வாய்கள் வகுத்தான். கி.பி. 150-ஐ ஒட்டிப் பெருமழையும் புயலும் சேர்ந்து கரையை உடைத்தன. உடைப்பின் நீளம் 420 முழம், அகலமும் அவ்வளவே, ஆழம் 75 முழம். நீர் வடிந்தபின் அவ்விடம் பாலைநிலம் போலாயிற்றாம்.

அடுத்து நிகழ்ந்ததைக் கல்வெட்டு மறைக்காமல் உரைக்கின்றது. உடைப்பு மிகப் பெரிது, அடைக்க இயலாது என்று அரசனுடைய அமைச்சர்கள் கைவிட்டனர். கரை மீண்டும் எழாது என்று கேட்ட குடிமக்கள் ஓலமிட்டனர். அப்பொழுது அந்நாட்டை ஆண்ட அதிகாரியான சுவிசாகன் என்னும் பஹ்லவன் அப்பணியை மேற்கொண்டு, முன்னையினும் மும்மடங்கு வலிய அணையைக் கட்டி முடித்தான். இதன்பொருட்டு மக்களிடம் புதுவரி தண்டவில்லை, வெட்டிவேலை வாங்கவில்லை, செலவனைத்தும் அரசனது கருவூலத்தினின்றே தரப்பட்டது என்கின்றது கல்வெட்டு. இது அரசனைப் புகழ எழுந்த மொழியே. ஆதலின் ஒவ்வொரு சொல்லையும் அவ்வாறே கொள்ள வேண்டுவதில்லை. எனினும் ஓர் அரசன் எதனால் புகழப்பட விரும்பினான் என்பதும் வரலாறுதானே? குடிகளின் ஓலத்துக்குச் செவிசாய்த்தமையே இங்குப் புகழாக நிற்கின்றது.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்து, குப்த ஆண்டு 136-இல், அதாவது கி.பி. 455-ஐ ஒட்டி, ஏரி மீண்டும் உடைந்தது. அப்போது ஸ்கந்தகுப்தனது ஆட்சி. சௌராஷ்டிரத்து ஆளுநன் பர்ணதத்தனின் மகன் சக்ரபாலிதன் நகரத்தைக் காத்துவந்தான். அவன் மறு ஆண்டில் இரண்டே மாதங்களில் கரையைச் செப்பனிட்டான். அச்செய்தியும் இதே பாறையில் பொறிக்கப்பட்டது. இவ்வாறு ஓர் ஏரியின் ஏறத்தாழ எழுநூற்று எழுபது ஆண்டு வாழ்க்கை ஒரே கல்லில் அடங்கியுள்ளது.

பாறையை விட்டு மேற்செல்வோம். வழியில் தாமோதர குண்டம் உள்ளது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குஜராத்திப் பக்தகவி நரசிங்க மேத்தா நாள்தோறும் இதில் நீராடினார் என்பர். அருகில் முசுகுந்தன் உறங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுகின்றனர். அப்பால் பவநாதர் கோயில். சிவராத்திரியில் துறவியர் திரள்திரளாகக் கூடும் இடம் அது. அங்கிருந்து படிகள் தொடங்குகின்றன. கடைசிச் சிகரம்வரை எண்ணினால் ஏறத்தாழ 10,000 படிகள் என்பது வழக்கு. 12-ஆம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் குமாரபாலன் காலத்தில் இங்குப் படிவழி அமைக்கப்பட்டது. இன்றுள்ள படிகள் பெரும்பாலும் 1889-இல் ஜூனாகட் சமஸ்தானத்தில் பரிசுச்சீட்டு நடத்தித் திரட்டிய பொருளால் அமைக்கத் தொடங்கியவை.

ஏறத்தாழ 4,000 படிகள் ஏறினால் சமணக் கோயில்களின் தொகுதி. அவற்றுள் தலையாயது 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர் கோயில். கண்ணனுக்கு உறவினரான நேமி, உக்கிரசேனன் மகள் ராஜீமதியை மணக்க ஊர்வலமாகச் சென்றார். வழியில் பட்டியில் அடைத்த விலங்குகளின் கதறல் கேட்டது. திருமண விருந்துக்கு அறுப்பதற்காக அடைத்தவை அவை என்று தேர்ப்பாகன் கூறினான். அவற்றை விடுவித்த நேமி, தேரைத் திருப்பி இம்மலைக்கு ஏறித் துறவு பூண்டார். ராஜீமதியும் துறவு பூண்டாள். இது சமணர் போற்றும் வரலாறு. அடிவாரத்துப் பாறையில் அரசனது மடைப்பள்ளிக் கணக்கைப் படித்துவிட்டு ஏறி வந்தவர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. ஒன்று அரசாணை, மற்றொன்று திருக்கதை. இரண்டிலும் விருந்துக்கென வைத்த உயிரின் குரலே கேட்கின்றது.

இக்கோயிலை 1128-ஐ ஒட்டிப் புதுக்கியவன் சஜ்ஜனன் என்னும் தண்டநாயகன். சௌராஷ்டிரத்து வரிப்பணத்தைக் கோயிலுக்கே அவன் செலவிட்டான் என்றும், சித்தராஜ ஜயசிம்மன் கணக்குக் கேட்டபோது, ‘பணம் வேண்டுமா, கோயிலின் புண்ணியம் வேண்டுமா’ என்று வினவினான் என்றும், அரசன் புண்ணியத்தைத் தேர்ந்தான் என்றும் ஒரு கதை உண்டு. இனிய கதைதான். ஆயினும் வரி செலுத்திய உழவனை எவரும் கேட்டதாக அக்கதையில் இல்லை. கீழே, ஏரிக்கரைக் கல்வெட்டு அவனை மறவாமல் குறிப்பிடுகின்றது. இவ்வேற்றுமையையும் நாம் மறத்தல் ஆகாது.

மலைக்கதைகள் யாவும் அருள் நிறைந்தவை என்றும் கூறுவதற்கில்லை. செங்குத்தாக வெளிநீண்ட பாறை ஒன்றுக்குப் பைரவன் பாய்ச்சல் எனப் பொருள்படும் பெயர் வழங்குகின்றது. மறுபிறப்பில் அரசராகலாம் என்று நம்பி, அங்கிருந்து குதித்து உயிர்விட்டோர் முன்னாளில் இருந்தனர். பட்டியில் கிடந்த ஆட்டின் குரலைக் கேட்டுத் திரும்பியவர் நினைவு நிற்கும் மலையிலேயே இதுவும் நிகழ்ந்தது. நம்பிக்கை மனிதனை உயர்த்தவும் வல்லது, வீழ்த்தவும் வல்லது.

கிரிநகரத்துச் சந்திரகுகையைப் பற்றிய திகம்பர சமண மரபும் நாம் அறியத்தக்கது. அங்கு வாழ்ந்த தரசேனர் என்னும் முதிய ஆசாரியர், தமக்குப் பின் ஆகம அறிவு அழிந்துவிடுமே என்று கவலைகொண்டு, தென்னாட்டினின்று இரு முனிவரை வரவழைத்தார். ஒருவருக்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்துச் சோதித்தார். இருவரும் பிழையைத் தாமே கண்டு திருத்தினர். அதன்பின்னரே அவர்க்கு அறிவை வழங்கினார். புஷ்பதந்தர், பூதபலி என்னும் அவ்விருவரும் பிராகிருதத்தில் இயற்றியதே ஷட்கண்டாகமம். பூதபலி பின்னர்த் தமிழ்நாட்டுக்குச் சென்றார் என்பது அம்மரபு. ஓரெழுத்தின் மிகையும் குறையும் பொருளைக் கெடுக்கும் என்பதை எழுத்துப்பணி செய்வோர் எக்காலத்தும் நினைவிற்கொள்ளுதல் நன்று.

மேலும் ஏறினால் அம்பாஜி சிகரம். அப்பால் எல்லாவற்றினும் உயர்ந்த கோரக்நாதர் சிகரம். பின்னர் இறங்கி ஏறினால் தத்தாத்திரேயர் சிகரம். கடைசிச் சிகரத்தில் பாறையில் பொறித்த திருவடிகள் உள்ளன. இந்துக்கள் தத்தாத்திரேயரின் திருவடிகள் என்று அவற்றை வணங்குகின்றனர். சமணர் நேமிநாதர் முத்தியடைந்த இடம் என்று வணங்குகின்றனர். இதுபற்றி இருசாராரிடையே வழக்கு எழுந்து நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. எவர் பக்கம் நியாயம் என்று கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் இவ்வழக்குக்குரிய அறிவுரை ஒன்று இதே மலையின் அடியில், அசோகனது 12-ஆம் கட்டளையாக, ஏறத்தாழ 2,270 ஆண்டுகளாகக் காத்திருக்கின்றது. தன் சமயத்தின்மீதுள்ள பற்றால் பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே பெருங்கேடு செய்கின்றான். பிறர் கொள்கையைச் செவிமடுத்தலே நன்று என்பது அதன் கருத்து.

2020 அக்டோபரில் அம்பாஜி சிகரம்வரை ரோப் கார் எனப்படும் கம்பிவட ஊர்தி திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது பெரும் உதவி. ஆயினும் பாறையின் கதி வேறு. மலைக்குப் பாதை அமைத்த காலத்தில் அதன் ஒரு பகுதி தகர்க்கப்பட்டு, கலிங்கப் போரின் துயரைக் கூறும் 13-ஆம் கட்டளை இங்குச் சிதைந்தது. கடவுளரைக் காண விரைந்த வழியில் ஓர் அரசனது கழிவிரக்கம் உடைபட்டது. சுதர்சன ஏரியோ இன்று இல்லை. அதனை ஆக்கியோரும் காத்தோரும் கல்லில் மட்டுமே உள்ளனர்.

ஆதலின் கிர்நாருக்குச் செல்லும் நேயர்கள் மலையேறும் முன் அப்பாறையருகே சிறிது நேரம் நிற்பார்களாக. விலங்கின் கதறல், குடிகளின் ஓலம், மாற்றுச் சமயத்தான் சொல் ஆகிய மூன்றையும் செவிமடுக்க வேண்டும் என்பதே கீழுள்ள எழுத்து தரும் அறிவு. அதனை உள்ளத்திற்கொண்டு ஏறினால், மேலுள்ள கதைகளுள் எவை போற்றத்தக்கவை, எவை அஞ்சத்தக்கவை என்பது தானே விளங்கும்.