லயத்துக் கொல்லையின் வரலாறு

தமிழகத்துச் சிற்றூர்களில் ‘தோட்டம்’ என்றால், கிணற்றுநீர் பாய்ந்து கத்தரியும் வாழையும் செழிக்கும் சிறுநிலம் கண்முன் தோன்றும். மலாயாவிற்கு வந்த தமிழரிடையே அச்சொல் வேறொரு பொருளை ஏற்றது. ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் பால்மரங்கள் அணிவகுத்து நிற்கும் கம்பெனி நிலமே அவர்களுக்குத் ‘தோட்டம்’ ஆயிற்று. ‘தோட்டத்தில் பிறந்தவர்’, ‘தோட்டத்துப் பள்ளி’, ‘தோட்டப் பாட்டாளி’ என்னும் வழக்குகள் யாவும் அந்தப் பெருநிலத்தைக் குறித்தே எழுந்தவை. அதன் நடுவே, தாம் குடியிருந்த லயத்தின் பின்புறம் அவர்கள் கீரையும் மிளகாயும் பயிரிட்ட துண்டு நிலத்திற்குக் ‘கொல்லை’ என்னும் பழைய சொல்லே எஞ்சியது.

பெருந்தோட்டத்தின் வரலாறு பலராலும் எழுதப்பெற்றுள்ளது. ரப்பர் விலையும் ஏற்றுமதிக் கணக்கும் ஆவணங்களில் உள்ளன. கொல்லையின் வரலாற்றை எழுதிவைத்தோர் மிகச் சிலரே. எனினும், பஞ்சத்திலும் போரிலும் பாட்டாளிக் குடும்பங்கள் பிழைத்த கதையில் அக்கொல்லைக்குப் பெரும் பங்குண்டு.

வந்த வழியும் வளர்ந்த நிலமும்

1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் வளர, மலாயாவின் மேற்குக் கரை நெடுகிலும் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் பாடுபடத் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் திரட்டப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அவர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர்.

அவர்களுள் பெரும்பாலோர் உழவுத் தொழிலை அறிந்தவர்கள். மண்ணைக் கையில் எடுத்து அதன் தன்மையைச் சொல்லக் கூடியவர்கள். ஆயினும் புதிய நாட்டு மண் அவர்களுக்குப் பிடிபட நாளாயிற்று. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை நெஞ்சில் ஏந்தி வந்தவர்களுக்கு, இங்கே ஆடிக்கும் ஐப்பசிக்கும் உரிய பருவங்கள் மாறிக் கிடந்தன. மேற்குக் கரையில் மழை ஆண்டு முழுதும் பரவிப் பெய்யும். ஏப்ரலையும் அக்டோபரையும் ஒட்டி மிகும். ஆடி மாதமோ பெரும்பாலும் மழை குறைந்த காலம். பாட்டன் பூட்டன் காலத்துப் பட்டக் கணக்கு பயன்படாது போகவே, வானத்தைப் பார்த்துப் புதுக் கணக்கை அவர்களே போட்டுக்கொண்டனர்.

பெய்கின்ற மழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போகும். புளிப்புத் தன்மை மிக்க செம்மண் சாம்பலும் சாணமும் இடாவிட்டால் பயனளிக்காது. களைந்து முடித்த இடத்தில் சில வாரங்களிலேயே லாலாங் புல் மீண்டும் தலைநீட்டும். அதன் வேர்த்தண்டு துண்டாகி மண்ணுள் எஞ்சினும் அத்துண்டே புதுப்புல்லாகும். முருங்கைக்கு வேரடியில் நீர் தேங்கலாகாது. ஆதலால் மேட்டில் மண்ணைக் குவித்துப் போத்தை நட வேண்டியிருந்தது. காட்டோரத் தோட்டங்களில் இரவில் காட்டுப்பன்றியும் பகலில் குரங்கும் காவல் கேட்டன. மழை ஓய்ந்த மாலையில் நத்தைகள் பாத்திக்குள் நுழைந்து, விடியுமுன் நாற்றுகளைத் தின்று தீர்த்தன.

சட்டம் தந்த துண்டு நிலம்

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்ட நிருவாகம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. பயிரிடுவதற்கோ கால்நடை மேய்ப்பதற்கோ அந்நிலம் பயன்படலாம். பதினாறில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. பெருந்தோட்டத்து மரங்களைப் பேணியவனுக்குச் சட்டம் அளந்து கொடுத்த பரப்பு அவ்வளவே. நடைமுறையில் இவ்விதி எல்லாத் தோட்டங்களிலும் ஒரே சீராக நிறைவேறவில்லை. லயத்தின் சுவரை ஒட்டியே பால்மரங்கள் நின்ற இடங்களில், மரநிழலில் காய்கறி எவ்வாறு காய்க்கும்?

கிடைத்த நிலமும் அவர்களுக்குச் சொந்தமன்று. பட்டா இல்லை. வேலை நின்றால் வீடும் கொல்லையும் சேர்ந்தே கையைவிட்டுப் போகும். இந்நிலையிலும் அவர்கள் பயிரிட்டனர் என்பதே சிந்திக்கத்தக்கது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, பால் சேர்த்து நிறுத்துக் கொடுத்து நண்பகலுக்குப் பின் வீடு திரும்பியவர்கள், எஞ்சிய பொழுதில் மண்வெட்டியை எடுத்தனர். பால்மரக் காட்டில் எந்த மரத்தை வெட்டுவது, எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதையெல்லாம் பிறர் முடிவு செய்தனர். கொல்லையில் வெண்டை நடுவதா, பாகல் கொடி ஏற்றுவதா என்பதை அவர்களே முடிவு செய்தனர். அடுப்பெரித்த சாம்பலும் மாட்டுச் சாணமும் எருவாயின. பொதுக் குழாயிலிருந்து சுமந்த நீரில் பாத்திரம் கழுவிய பின் எஞ்சியது வாழைக்குப் பாய்ந்தது.

இப்பணியில் பெண்களின் உழைப்பே மிகுதி. முற்றிய பாகற்காயையும் பூசணியையும் விதைக்கென விட்டுவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டி, உலர்த்தித் துணியில் முடிந்து அடுப்பங்கரையில் தொங்கவிட்டனர். அண்டை வீட்டாரிடம் ஒரு பிடி விதை கொடுத்து வேறொரு பிடி விதை பெற்றனர். கறிவேப்பிலையின் வேரில் வெடித்த கன்று, மணமாகிச் செல்லும் மகளோடு அடுத்த தோட்டத்திற்குப் போயிற்று. முதலில் காய்த்த கத்தரிக்காயைப் பறிக்கும் நாளில் வீட்டில் ஒரு சிறு திருநாளின் மகிழ்ச்சி நிலவியது. வாசலில் துளசியும், வேலியோரம் செம்பருத்தியும், கூந்தலுக்குக் கனகாம்பரமும் வளர்ந்தன. ஒரே கூரையின் கீழ் ஒரே அளவாய்ப் பிரிக்கப்பட்ட அறைகளில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்த குடும்பங்களை, அவரவர் கொல்லைகளே ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்திக் காட்டின.

மந்தமும் போரும்

1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. 1928இல் முதன்மைப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக வகுக்கப்பட்டிருந்த நாட்கூலி பெரிதும் சரிந்தது. வேலையிழந்தோருள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தங்கியவர்களின் வீடுகளில் கூலிக்கும் பசிக்கும் இடையே விழுந்த பள்ளத்தைக் கொல்லையின் கீரையும் கிழங்கும் ஓரளவு நிரப்பின. கொல்லை உள்ளதென்பதைச் சுட்டியே கூலியைக் குறைப்பதற்கு இடமிருந்தது என்னும் கசப்பான உண்மையையும் இங்கு மறத்தலாகாது.

அதனினும் கொடிய சோதனை போர்க்காலத்தில் வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து தருவித்துவந்த நாடு. போரினால் அவ்வரத்துக் குன்றியது. ரப்பரை வாங்க ஆளில்லை, ஆகவே கூலியுமில்லை. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானியப் பணத்தின் மதிப்போ நாளுக்கு நாள் தேய்ந்தது. உணவுப் பயிர் செய்யுமாறு ஆட்சியாளர் ஆணையிட, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கேழ்வரகு ஆகியவை எங்கும் பயிராயின.

மரவள்ளியும் ரப்பர் மரமும் தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் பட்டையைக் கீறினாலும் பால் வடியும். அமைதிக் காலத்தில் கூலி கொடுத்த மரம் பயனற்று நிற்க, அதன் எளிய உறவினமான கிழங்குச் செடி உயிர் கொடுத்தது. ஆனால் அக்கிழங்கு எளிதில் வசப்படுவதன்று. விளைந்து முற்ற எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க வேண்டும். கசப்பினக் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டு. தோலுரித்து, நறுக்கி, நீரில் ஊறவைத்து, நன்கு வேகவைத்தாலன்றி உண்ணலாகாது. வயிற்றை நிரப்பினாலும் உடலுக்கு வேண்டிய புரதத்தை அது தருவதில்லை. நாள்தோறும் அதையே உண்டவர்களைச் சோகையும் வீக்கமும் வாட்டின. கிழங்கோடு கொல்லையில் முருங்கைக் கீரையும் பயறும் இருந்த வீடுகளுக்கு அவை பெருந்துணையாயின.

அதே காலத்தில் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்கத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ் ஆண்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் அப்பாதை முடிவுற்றபோது, சென்றவருட் பலர் உயிரோடில்லை. லயங்களில் எஞ்சிய பெண்களும் முதியோரும் சிறுவரும் மரவள்ளித் தண்டை நறுக்கி ஊன்றிப் பிழைத்தனர். ‘மரவள்ளிக் காலம்’ என்று அந்நாளைய முதியோர் சொன்னபோது அச்சொல்லில் பசியும் இழப்பும் ஒருங்கே ஒலித்தன.

வேலிக்குள் கொல்லை

போர் முடிந்தும் அமைதி நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டு அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக் கிடந்த குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்க்கு உணவு எட்டாதிருக்கும் பொருட்டு, பால்வெட்டச் செல்வோர் சோறு கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. உணவே ஐயத்திற்குரிய பொருளாகிவிட்ட அந்நாளில், வேலிக்குள் எட்டிய இடத்தில் மட்டுமே பயிரிட முடிந்தது.

நிலம் தமதாக வேண்டும் என்னும் வேட்கை இக்காலத்தில் வலுப்பெற்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பாட்டாளிகள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கும் நோக்கோடு துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பதினாறில் ஒரு பங்கு நிலத்தை இரவலாகப் பெற்று வாழ்ந்த மக்களின் வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

1974ஆம் ஆண்டு மலேசிய அரசு பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டைச் சூழ்ந்த வெற்றிடங்களில் உணவுப் பயிரை வளர்க்குமாறு மக்களை ஊக்கியது. நாடு அன்று புதிதாக வலியுறுத்திய பழக்கம் லயத்துப் பெண்களுக்குப் பல தலைமுறைப் பழக்கமாக இருந்தது.

தொட்டியில் தொடர்ந்த மரபு

பின்வந்த ஆண்டுகளில் பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை பரவியது. நகரையொட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. கட்டடத்திற்கு ஈடு பேச இடமிருந்தாலும், முப்பது ஆண்டு எருவிட்டுப் பதமாக்கிய மண்ணுக்கு எவரும் விலை பேசவில்லை. சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்த பின் கம்பத்து வீடுகள் மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கே கறிவேப்பிலையும் துளசியும் தாழ்வாரத் தொட்டிகளுக்குக் குடிபெயர்ந்தன. காட்டுப்பன்றியின் தொல்லை ஒழிந்தது. தொட்டித் தட்டில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகுமோ என்னும் கவலை வந்தது. மண்ணையும் வெயிலையும் எதிர்வீட்டாரின் பொறுமையையும் அளந்தே செடி வளர்க்க வேண்டியதாயிற்று.

2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது இரு நாடுகளிலும் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டனர். அவ்வாண்டு சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் காய்கறி விதைப் பொட்டலங்களை வீடுகளுக்கு இலவசமாக வழங்கியது. முதன்முறை விதையூன்றிய இளையோர் பலர், எத்தனை நாள் ஊறவைப்பது, எவ்வளவு ஆழத்தில் விதைப்பது என்று ஏடுகளிலும் கணினியிலும் தேடினர். அவ்வறிவு சில வீடுகளில் அடுத்த அறையிலேயே முதுமையோடு அமர்ந்திருந்தது.

நிலம் மாறினும் நீங்காத செல்வம்

மனையைச் சார்ந்த தோட்டத்தைச் சங்க இலக்கியம் ‘படப்பை’ என்னும் சொல்லால் குறிக்கிறது. படப்பை என்றும் கொல்லை என்றும் வழங்கிவந்த அந்த மரபு, மலாயாவில் பிறர் நிலத்தில் வேரூன்றியது. நிலத்தைப் பிறர் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. எந்த மண்ணுக்கு எவ்வளவு சாம்பல், எந்தக் காயை விதைக்கு விடுவது, எந்தக் கிழங்கை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்னும் அறிவை எவராலும் எடுத்துக்கொள்ள இயலவில்லை. அது நடுவோரின் மறதியால் மட்டுமே அழியக்கூடியது.

அந்த மறதியைத் தடுக்கத் தமிழாசிரியரால் இயலும். போத்து, பாத்தி, நாற்று, கொழுகொம்பு, எரு முதலிய சொற்களைப் பாடநூலில் மட்டும் கற்கும் மாணவனுக்கு அவை தேர்வு முடியும்வரையே நிற்கும். தன் பாட்டியிடம் சென்று, லயத்துக் கொல்லையில் என்னென்ன விளைந்தன, விதை எங்கிருந்து வந்தது, போர்க்காலத்துப் பசியைப் பற்றி அவர்தம் பெற்றோர் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதிவரும் மாணவன், மொழியோடு வரலாற்றையும் கற்றுத் திரும்புவான். பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் அவன் ஊன்றும் முருங்கைப் போத்துக்கு அதிக இடம் வேண்டியதில்லை. நீர் தேங்காத சிறு மேடு போதும்.