கொதிகலன் மாறினால் பழமை போய்விடுமா?

1903-ல் சென்னை சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். பெட்ரோல் கார்கள் பெருகியதும் அந்த வகையே வழக்கொழிந்தது. எஞ்சிய நீராவிக் கார்களை மீண்டும் ஓட்ட நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி கொதிகலன்தான். புதிதாகச் செய்து பொருத்தினால் பழமை கெட்டுவிடும் என்று சேகரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்லி காரில் இருந்த உருளையைப் பாருங்கள்: உள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள், வெளியே அழுத்தம் தாங்க அடுக்கடுக்காகச் சுற்றிய பியானோ கம்பி. கொள்ளும் தண்ணீர் கொஞ்சம் என்பதால் சீக்கிரம் சூடேறும். அதே காரணத்தால் மட்டம் சற்றுக் குறைந்தாலும் குழாய்கள் கருகிக் கசியும். அச்சும் சிலிண்டரும் பல தலைமுறை நிற்கலாம். நெருப்பும் உப்புத் தண்ணீரும் அரிக்கும் கொதிகலன் அப்படி நிற்காது. அது மாற்றப்பட வேண்டிய உறுப்பு என்பது அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்களுக்கும் தெரியும்.

நம் ஊர் சாட்சி நீலகிரி மலை ரயில். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை இன்ஜின்கள் 1914 முதல் 1925 வரை 12, பிறகு 1952-ல் 5 வந்தன. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறக்குறைய 12 அடிக்கு ஓரடி ஏற்றம். அந்தச் சாய்விலும் நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீருக்கடியில் இருந்தாக வேண்டும். வடிவமைப்பின் உயிர்நாடி அதுதான். 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகை இன்ஜின்களை எண்ணெயில் எரியும்படி முழுக்கப் புதிதாகவே கட்டியது. முழு இன்ஜினும் புதிது என்றால் அது பழம்பொருள் ஆகாதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் 2005-ல் யுனெஸ்கோ தந்த உலகப் பாரம்பரியத் தகுதி அந்த மலைப்பாதைக்கு இன்றும் இருக்கிறது. இன்ஜினே புதிதாகியும் பாரம்பரியம் நிலைக்கிறது என்றால், பழைய காரில் கொதிகலனை மட்டும் மாற்றுவது எப்படிக் குற்றமாகும்?

ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ரயில் இன்ஜின்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. காருக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டுப்பாடு கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய ரிவெட் தகட்டை நம்புவதைவிட, கணக்குப் போட்டு, பற்றவைத்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்த புதிய உருளையே பாதுகாப்பு. பெங்களூரில் பீன்யா பட்டறைகளுக்கு இந்த வேலை எட்டாதது அல்ல. செய்ய முன்வருபவர்கள் இரும்பை வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் கொதிகலன் ஆய்வாளரிடம் காட்டுங்கள். கழற்றிய பழைய கொதிகலனை இரும்புக்கடைக்குப் போடாமல், அளவுகளைக் குறித்துக் காரோடு சேர்த்தே வையுங்கள்.