நெகிரி செம்பிலான் தோட்டங்களில் எரிசக்தி

சிரம்பானை அடுத்த அம்பாங்கான் வட்டாரம் உள்ளிட்ட நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வெப்பமும் உழைப்பும் மின்சாரமும் பயன்பட்ட வரலாறு இது.

தொடக்கம்: 1877-இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1890-களில் மலாக்காவில் தான் சாய் யான் என்பவர் அமைத்தது என்பர். இதில் கருத்து வேறுபாடும் உண்டு.

பால்வெட்டு: விடியுமுன் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) ஆள் கூடியதற்கு மரத்தின் இயற்பியலே காரணம். இரவில் வேர் நீரை உறிஞ்சியபடி இருக்க, இலைகள் நீரை மிகக் குறைவாகவே வெளிவிடும். பால்குழாய்களில் அழுத்தம் ஏறும். 1960-களில் பட்டரி, போட்மன் என்ற ஆய்வாளர்கள் மேற்கொண்ட அளவீடுகளின்படி, விடியற்பொழுதில் அது 10 வளிமண்டல அளவை எட்டுகிறது. வெயில் ஏற ஏற அழுத்தம் தணிந்து பால் வருவது குறையும். பட்டையில் உளி பட்டதும் பாலை மங்குக்கு (பால் சேரும் கிண்ணத்துக்கு) தள்ளிய விசை, முந்தைய இரவில் மரம் சேர்த்து வைத்தது.

புகைக்கூடம்: சேகரித்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அமிலம் கலந்து உறையவைத்து, உருளைகளில் நசுக்கிய பின்னும் தகட்டில் ஈரம் தங்கியது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. விறகு எரித்தே அது பெறப்பட்டது. மூங்கில் கழிகளில் தொங்கிய தகடுகளுக்கு முதலில் 40 பாகை செல்சியஸ் அளவிலும், பிறகு படிப்படியாக 60 பாகை வரையிலும் சூடு ஏற்றப்பட்டது. தொடக்கத்திலேயே சூடு மிகுந்தால் தகட்டில் கொப்புளம் எழும்; குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். புகையிலுள்ள பீனால் பொருள்கள் பூஞ்சணத்தைத் தடுத்தன. காய்வதற்கு நான்கு நாள் என்பாரும் ஒரு வாரம் என்பாரும் உண்டு. தகட்டின் கனத்துக்கும் விறகின் ஈரத்துக்கும் ஏற்ப அது மாறியிருக்கலாம். பாலற்றுப்போன மரங்களே பெரும்பாலும் விறகாயின. இரவெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொண்டவரின் கைத்திறமே பொன்னிறத் தகட்டின் தரத்தை நிறுவியது. இந்த நுட்பம் தொழில்வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை.

மின்சாரம்: 1894-இல் சிலாங்கூரின் ராவாங் வெள்ளீயச் சுரங்கத்தில் தொழிலதிபர்களான தம்புசாமி பிள்ளையும் லோக் இயூவும் மின்னாக்கி நிறுவினர். தோட்டங்களில் ஆலைக்கும் துரை பங்களாவுக்கும் முதலில் விளக்கு வந்தது. தொழிலாளர் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. மத்திய மின்சார வாரியம் 1949-இல் அமைந்தது. தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரத்தைச் சட்டம் 1990-இல் வகுத்தது.

அண்மைக்காலம்: பால்மரங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. 2011 முதல் டீசலில் செம்பனை எரிபொருள் கலக்கப்படுகிறது. காடழித்து நட்ட நிலமானால் இதன் கரிம ஆதாயம் கேள்விக்குரியது என்பர். பழைய ரப்பர் நிலமானால் கணக்கு வேறு. செம்பனை எண்ணெய் ஆலைக்கழிவுக் குட்டைகளிலிருந்து எழும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும். இதைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இப்போது மலேசியாவில் உள்ளன.