ஏறிய ஏணி

உழுவதற்கு ஒரு சாண் நிலமில்லை. குடிக்கும் நீரைக்கூட மழையிடம் பெற்றுத் தொட்டிகளில் சேர்த்துவைக்க வேண்டும். இத்தாலியின் வடகிழக்கே, கடலோரக் காயலின் சேற்றுத் திட்டுகளின்மேல் எழுந்த வெனிஸ் நகரின் தொடக்கம் இதுவே. அங்கு வாழ்ந்தோர் ஆடுமாடுகளைக் கட்டுவதுபோலத் தம் படகுகளை வீட்டுச் சுவர்களில் கட்டிவைத்திருந்தனர் என்று 6ஆம் நூற்றாண்டின் கசியதோருஸ் தம் மடலொன்றில் எழுதுகிறார். 568இல் லொம்பார்தியர் படையெடுத்தபோது, அஞ்சி ஓடிவந்தோரும் அவர்களோடு சேர்ந்தனர். உப்பும் மீனுமே அவர்களது செல்வம்.

இத்தகைய எளியோர் மத்தியதரைக் கடல் வணிகத்தின் தலைமையை எய்தியது எவ்வாறு? விடையின் பெரும்பகுதி ஓர் ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளது. அதன் பெயர் கொல்லெகான்சா. பணமுள்ளவர் ஊரிலிருப்பார், பணமற்ற இளைஞன் சரக்குடன் கப்பலேறுவான். முதல் முழுவதும் ஊரிலிருப்பவருடையதாயின், ஆதாயத்தில் நான்கில் மூன்று பங்கு அவருக்கு. எஞ்சிய ஒரு பங்கு கடலோடியவனுக்கு. முதலில் மூன்றில் ஒரு பங்கைக் கடலோடுபவனும் இட்டிருந்தால், ஆதாயம் சரிபாதி. திறமையும் துணிவும் உள்ளவன் சில பயணங்களில் தானே முதலாளியாகிவிடலாம். இவ்வாறு தலைமுறைதோறும் புதிய குடும்பங்கள் எழுந்தன.

செல்வம் பெற்றவர்கள் ஆட்சியிலும் பங்கு கேட்டனர், பெற்றனர். டோஜே எனப்பட்ட நாட்டுத் தலைவர் தம் மகனை வாரிசாக்கும் வழக்கம் 1032இல் தடுக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பேரவை என்னும் மன்றம் வலுப்பெற்றது. 1268இல் வகுக்கப்பட்ட டோஜே தேர்தலில், சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி வந்தன. ஒரு குடும்பமே நாட்டைக் கைப்பற்றிவிடக் கூடாது என்னும் அச்சமே இத்தனை சுற்றுகளுக்கும் காரணம்.

ஆயினும், ஒரு குடும்பத்துக்கு அஞ்சியவர்கள் சில நூறு குடும்பங்களுக்கு அஞ்சவில்லை. 1297இல் டோஜே பியெத்ரோ கிரதெனிகோவின் காலத்தில் ஒரு சீர்திருத்தம் வந்தது. முந்தைய நான்கு ஆண்டுகளில் பேரவையில் அமர்ந்திருந்தவர்களுக்கு மீண்டும் அமரும் வாய்ப்பு ஏறக்குறைய உறுதியாயிற்று. புதியவர்களுக்கு உரிய வழியோ ஆண்டுக்கு ஆண்டு குறுகியது. தொடக்கத்தில் அவையின் எண்ணிக்கை பெருகவே செய்தது; ஆகவே பலருக்கு இது தீங்காகத் தோன்றவில்லை. 1323க்குள் உறுப்புரிமை பிறப்புரிமையாகிவிட்டது. இத்தாலியர் இதனைச் ‘செர்ராத்தா’, அதாவது ‘அடைப்பு’ என்பர். எதிர்த்தெழுந்த கிளர்ச்சி 1310இல் முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டே கண்காணிப்புக்கெனப் ‘பதின்மர் அவை’ தோன்றியது. 1506 முதல் உயர்குடிப் பிறப்புகள் பொன்னேட்டில் பதியப்பட்டன. அரசின் பெருங்கப்பல்களை ஏலத்தில் எடுக்கும் உரிமையும் உயர்குடியினருக்கே உரியதாயிற்று. படகோட்டியின் பேரன் அவையேறிய காலம் முடிந்தது.

‘அதன்பின்னும் வெனிஸ் 500 ஆண்டுகள் வாழ்ந்ததே!’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கதவடைத்த பிறகுதான் நகரம் பேரெழில் மாளிகைகளால் நிறைந்தது; உள்நாட்டு அமைதியில் பிற இத்தாலிய நகரங்களை விஞ்சியது. தவறுக்குத் தண்டனை உடனே வந்திருந்தால் திருந்தியிருப்பார்கள். மெல்ல வந்ததனால், அதனைத் தண்டனை என்றே அவர்கள் அறியவில்லை.

கடலோடியவர்களின் பேரர்கள் நிலவுடைமையாளராயினர். போர்த்துக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தபின் மிளகு வணிகத்தில் போட்டி வந்தது. 1645இல் கிரேத்துத் தீவுக்காகத் துருக்கியருடன் தொடங்கிய போரில் கருவூலம் வறண்டது. அப்போது பொன்னேட்டில் இடம்பெற ஒரு குடும்பத்துக்கு 1,00,000 துக்காத்து என விலை வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் உழைப்புக்குத் திறந்த கதவு, இப்போது பணமூட்டைக்கு மட்டும் திறந்தது. மறுபுறம், சான் பர்னபா பங்கில் வறிய உயர்குடியினர் அரசின் உதவியில் வாழ்ந்து, தம் வாக்கை விலைபேசினர். ஏட்டில் பெயர் இருந்தது, அடுப்பில் நெருப்பில்லை.

1797 மே 12. நெப்போலியனின் மிரட்டலுக்குப் பணிந்து பேரவை இறுதியாகக் கூடியது. சட்டப்படி வேண்டிய 600 பேர்கூட வரவில்லை. வெளியே, விடைபெற்றுச் செல்லும் படைவீரர்களின் துப்பாக்கி ஒலி கேட்டது. அதற்கே அஞ்சி, அவசர அவசரமாக வாக்களித்துத் தம் குடியரசைத் தாமே கலைத்துவிட்டு உறுப்பினர்கள் வெளியேறினர். சதுக்கத்திலோ எளிய மக்கள் ‘புனித மாற்கு வாழ்க!’ என்று முழங்கி, பழைய கொடியை உயர்த்தினர். ஜூன் 4இல் அதே சதுக்கத்தில் பொன்னேடு எரிக்கப்பட்டது.

ஏட்டில் பெயருள்ளவர்கள் ஓடினார்கள். பெயரில்லாதவர்கள் நாட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள். ஏறிய ஏணியை எட்டி உதைத்தவர்கள், தாங்கள் யாரை வெளியே நிறுத்தினோம் என்பதை அன்றாவது கண்டிருப்பார்களா?