ஒழுங்கு தப்பிய நாடி: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மீலாத் மேடைகளிலும் பாடசாலை விழாக்களிலும் அடிக்கடி காதில் விழும் ஒரு வசனம் உண்டு: “இதய வைத்தியம் முழுக்க எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சதுதான்.” பெருமைப்படுவது பிழையில்லை. ஆனால் வரலாறு அவ்வளவு இலேசானதல்ல. ஒரேயொரு நோயின் கதையைப் பார்த்தாலே இது விளங்கும்.

இதயத்தின் மேலறைகளான சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்க, நாடி தாறுமாறாக அடிக்கும் நோய் அது. வைத்தியர்கள் சுருக்கமாக ‘ஏ.எப்.’ என்பார்கள். முடியுருநாடி அடைப்புள்ளவர்களுக்கு இது புதிதாகத் தலைகாட்டுவதுண்டு. மாரடைப்பு வந்த நாட்களிலும் பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களிலும் இதை அதிகம் காணலாம்.

இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்-கானூன் பித் திப்’ நூலின் முதற் பாகத்தில் நாடியைப் பற்றி விரிவாக எழுதினார். நாடியில் கவனிக்க வேண்டியவை பத்து என்றார். சீராக அடிக்கிறதா, சீர் குலைந்திருக்கிறதா என்பது அதிலொன்று. குலைவிலும் ஓர் ஒழுங்கு உண்டா, அதுவும் இல்லையா என்பது இன்னொன்று. எந்த ஒழுங்குமே இல்லாத குலைவுதான் ஏ.எப். நோயாளியின் கையில் இன்றும் வைத்தியரின் விரலுக்குப் படுவது. ஆனால் சோணையறை நடுங்குவதை இப்னு ஸீனா அறிந்திருக்கவில்லை. அவருடைய நாடி அறிவுக்கும் ஒரு மூலம் இருந்தது. அது, அரபிகள் ஜாலினூஸ் என்றழைத்த கிரேக்க வைத்தியர் கேலன். கேலனின் நூல்களை 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர்.

அடுத்தவர் இப்னுன் நபீஸ் (மறைவு 1288). இதயம் தன் வலது அறையில் உள்ள குருதியிலிருந்து போஷாக்குப் பெறுகிறது என்பது இப்னு ஸீனாவின் கருத்து. 1242ஆம் ஆண்டளவில் கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதிய இப்னுன் நபீஸ் அதை மறுத்தார். இதயத்தின் தசைக்குள்ளே ஓடும் நாளங்கள்தான் அதற்குப் போஷாக்கைக் கொடுக்கின்றன என்றார். முடியுருநாடி பற்றிய இன்றைய அறிவுக்கு இது மிக நெருக்கமான பேச்சு. எகிப்திய வைத்தியர் முஹ்யித்தீன் அத்-ததாவி 1924இல் பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்த பிறகே இந்த உரையின் பெறுமதி நவீன உலகுக்குத் தெரியவந்தது.

அதே 1924இல் இசிஜி கருவிக்காக ஒல்லாந்தரான அயின்தோவன் நோபல் பரிசு பெற்றார். ஒழுங்கற்ற நாடியின் கோட்டுப்படத்தை அவர் 1906இலேயே வெளியிட்டிருந்தார். அந்தக் கோடுகளுக்குக் காரணம் சோணையறை நடுக்கமே என்று 1909இல் லண்டனில் தோமஸ் லூயிஸும், வியன்னாவில் ரொத்பர்கரும் வின்டர்பர்கும் காட்டினார்கள்.

நோய்க்குப் பெயர் கிடைத்தும் அதன் முழு ஆபத்தும் புரியவில்லை. அமெரிக்காவின் பிரெமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு, இதய வால்வுக் கோளாறு இல்லாதவர்களிலும் இந்நோய் பாரிசவாத ஆபத்தை ஐந்து மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று 1978இல்தான் சொன்னது. நடுங்கும் அறையில் குருதி தேங்குகிறது, கட்டியாகிறது, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கிறது.

இந்த இடத்தில்தான் எங்கட வீடுகளில் ஒரு பிழை நடக்கிறது. “ஆஸ்பிரின் குடிக்கிறன்தானே, பிறகென்ன?” என்று இருந்துவிடுகிறோம். முடியுருநாடியில் உருவாகும் கட்டியில் குருதிச் சிறுதட்டுகளுக்குப் பெரிய பங்குண்டு, அதற்கு ஆஸ்பிரின் உதவும். சோணையறையில் தேங்கி உறையும் கட்டி வேறு வகை. 1989 முதல் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வார்பரின் இந்நோயாளிகளின் பாரிசவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. ஆஸ்பிரின் குறைத்தது ஐந்தில் ஒரு பங்களவுதான்.

அப்படியென்றால் எல்லாக் குளிசைகளையும் சேர்த்துக் குடித்தால் என்ன? குருதிப்போக்கு கூடும். முடியுருநாடி நோய் ஆறி நிலையாக இருந்த, ஏ.எப்.பும் உள்ள 2,200க்கு மேற்பட்டவர்களை வைத்து ஜப்பானில் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. ரிவரொக்சபான் என்ற உறைதடுப்பு மருந்து தனியாகவே போதுமான பாதுகாப்பைத் தந்தது, குருதிப்போக்கும் குறைந்தது. ஆனால் அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் கணக்கு வேறு. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். யாரும் தானாகக் குளிசையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

இப்னுன் நபீஸ் இப்னு ஸீனாவை மதிக்காதவரல்லர், அவருடைய நூலுக்கே உரை எழுதியவர். மதித்துக்கொண்டே திருத்தினார். அந்த வழக்கத்தைத்தான் நாம் வாரிசுரிமையாகக் கேட்க வேண்டும். இதய நோயுள்ள வாப்பாவின், உம்மாவின் மணிக்கட்டில் இடைக்கிடை இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். அடி தாறுமாறாக இருந்தால் தாமதிக்காமல் இசிஜி எடுக்கக் கூட்டிப் போங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கைகால் சோர்வு இருந்தால் நேரே வைத்தியசாலைக்கே போக வேண்டும். நாடி சீராக இருக்கிறது என்பதற்காக கிளினிக்கை விட்டுவிடவும் வேண்டாம், ஏனெனில் இந்நோய் வந்துவந்து போவதும் உண்டு.