நிலத்தடி நாடுகள்

பூமிக்கு அடியில், மனிதர் கண்ணில் படாமல், அரசனும் குடிகளும் செல்வமும் ஏடுகளுமாக ஒரு நாடு இருக்கிறது என்ற நம்பிக்கையே இக்கட்டுரையின் பொருள். தமிழ் மரபில் இது பாதாளம், நாகலோகம் என்ற பெயர்களில் வரும். அங்கே இறங்கும் வழிக்குப் பிலம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் மேற்கத்திய மறைஞானிகள் இதையே அகர்த்தா என்றும் ஷம்பாலா என்றும் அழைத்தார்கள். இரண்டு மரபுகளும் நேருக்கு நேர் வந்த இடங்கள் உலகில் அதிகமில்லை. கண்டி அவற்றில் ஒன்று.

கண்டிக்குத் தென்மேற்கே நிற்கிறது ஹந்தானை மலைத்தொடர். ஏழு சிகரங்கள், உயர்ந்தது ஊரகந்த. அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம். சரிவில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம். 2010இல் இம்மலை சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. மலைச்சரிவிலிருந்து நகரைப் பார்த்தால் ஏரியும், அதன் நடுவில் சின்னத் தீவும், எதிரே வெள்ளைப் புத்தர் சிலையோடு பைரவகந்தவும் தெரியும். ஏரிக்கு ஒரு சுரங்கக் கதை, பைரவகந்தவுக்கு ஒரு புதையல் பூதம், நகரின் பழம்பெயரான செங்கடகலவுக்கு ஒரு குகைத் துறவி என்று இந்த ஒரே காட்சிக்குள் நிலத்தடிக் கதைகள் நிறைந்து கிடக்கின்றன. இத்தனைக்கும் இந்தப் பகுதியின் பாறை பெரும்பாலும் கடினமான உருமாறிய பாறை. சுண்ணாம்புப் பாறையைப் போல நீர் அரித்து நீண்ட குகைகளை உண்டாக்க அது எளிதில் இடம் கொடுக்காது. இங்கே துறவிகள் தங்கிய குகைகள் என்பவை பெரும்பாலும் கற்பாறையின் கூரைபோன்ற ஒதுக்குகள்தாம். கதைக்கு உண்மையான பொந்து தேவைப்படவில்லை.

இலங்கையின் எழுத்து மரபில் நிலத்தடி நாட்டின் மிக விரிவான கதை மகாவம்சத்தில் இருக்கிறது. துட்டகைமுனு மன்னன் அனுராதபுரத்தில் மகாதூபியைக் கட்டும்போது, உள்ளே வைக்கப் புத்தரின் தாதுக்கள் வேண்டியிருந்தன. அவை கங்கைக் கரையிலிருந்த இராமகிராமத் தூபியில் இருந்தவை; வெள்ளம் தூபியை உடைக்க, பேழை கடலுக்குப் போய், நாகர்களின் மஞ்சேரிக பவனத்தைச் சேர்ந்தது. அதை எடுத்துவர சோணுத்தரன் என்ற இளம் துறவியை அனுப்புகிறார்கள். அவன் நிலத்துக்குள் மூழ்கி நாகராசன் மகாகாளனின் முன் எழுகிறான். நாகராசனுக்குக் கொடுக்க மனமில்லை. மருமகன் வாசுலதத்தனுக்குக் கண்ணைக் காட்ட, அவன் பேழையை விழுங்கிவிட்டு மேருமலையின் அடிவாரத்தில் பெரிய பாம்பாய்ச் சுருண்டு படுத்துக்கொள்கிறான். சோணுத்தரன் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி, அவன் வயிற்றிலிருந்து பேழையை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறான். நாகர்கள் ஏமாந்து அழுதுகொண்டு பின்னாலேயே வருகிறார்கள். துறவிகள் இரக்கப்பட்டுச் சில தாதுக்களை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழ்நாட்டாரிடம் இரகசிய ஞானம் எதுவும் இல்லை. அவர்களிடம் இருப்பது பொருள். அதுவும் மேலேயிருந்து போன பொருள். பேச்சு வாங்கல் கொடுக்கல் பற்றியது, கொஞ்சம் ஏமாற்றும் சேர்ந்தது. கிட்டத்தட்ட சொந்தக்காரர் வீட்டுச் சொத்துத் தகராறு மாதிரி. மகாவம்சம் சொல்லும் இன்னொரு நாகர் சண்டையும் அப்படியே. நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்ற மாமனும் மருமகனும் ஒரு மணி ஆசனத்துக்காக மோதுகிறார்கள். புத்தர் வந்து தீர்த்துவைக்கிறார். யாழ்ப்பாணக் கடலிலுள்ள நயினாதீவோடு இந்நிகழ்ச்சியை இணைப்பது பௌத்தர் வழக்கம். மணிமேகலையின் மணிபல்லவத்திலும் நாகர் சண்டையிட்ட பீடிகை வருகிறது.

தமிழ்க் கதைகளில் நாகநாடு எங்கே இருந்தது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மணிமேகலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியை மணக்கும் பீலிவளை, நாகநாட்டரசன் வளைவணனின் மகள். அது கடல்கடந்த நாடு. கப்பலில் போகலாம், வரலாம். 14ஆம் நூற்றாண்டளவில் பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதை ஒத்த கதையொன்றைச் சொல்கிறார். அதில் சோழன் நாகப்பட்டினத்தில் ஒரு பிலத்துக்குள் இறங்கி நாகலோகம் போகிறான். அங்கே நாககன்னிக்குப் பிறந்த மகன்தான் தொண்டைக்கொடி அடையாளத்தோடு கடல்வழி வந்து தொண்டைமானாகிறான். பிள்ளை மட்டும் பழைய கதைப்படி கடலில் மிதந்து வருகிறது, அப்பன் போன வழியோ நிலத்துக்குள் போய்விட்டது. தீவாக இருந்த நாடு, அடையாளம் காட்ட ஆளில்லாமல் போன பிறகு தரைக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். மேற்கிலும் இதேதான் நடந்தது.

மேற்கில் கதை அறிவியலின் வாசலில் தொடங்கியது. வால்மீனுக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹேலி, காந்த ஊசி ஆண்டுக்காண்டு விலகுவதை விளக்க, பூமி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோளங்கள் கொண்ட உள்ளீடற்ற உருண்டை என்று 1692இல் எழுதினார். 1818இல் அமெரிக்கப் படைவீரராக இருந்த ஜோன் சிம்ஸ், துருவங்களில் வாசல் இருக்கிறது, கூட வர ஆள் வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். 1871இல் ஆங்கில நாவலாசிரியர் புல்வர் லிட்டன், நிலத்தடியில் வாழும் உயர்ந்த இனமொன்றையும் அவர்களின் ‘வ்ரில்’ என்ற சக்தியையும் கற்பனை செய்தார். நாவல் என்று தெரிந்தும் பலர் அதை உண்மையென்றே வாசித்தார்கள். அந்தச் சொல்லின் வால், போவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாற்றுப் போத்தலின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அகர்த்தா என்ற பெயர் இந்தியாவைச் சுட்டியபடி வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாக்கோலியோ, அஸ்கர்த்தா என்ற பழைய சூரிய நகரைப் பற்றிப் பிராமணர்கள் தமக்குச் சொன்னதாக 1873இல் எழுதினார். திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவரும் இவரே. நம்பகமான எழுத்தாளர் என்று இவரைச் சொல்ல முடியாது. இவர் சொன்ன நகரம் தரைக்கு மேலே இருந்து அழிந்துபோன நகரம். அதைக் கீழே இறக்கியவர் சேன்-ஈவ் தால்வேத்ர். சமஸ்கிருதம் படிக்க ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டவர், உடலை விட்டு மனத்தால் பயணம் செய்து, இமயத்தை அண்டிய ஒரு நிலத்தடி நாட்டையும் அதன் தலைமைக் குருவையும் கண்டதாக 1886இல் ஒரு நூல் அச்சிட்டார். அச்சிட்டதை அவரே அழித்தும்விட்டார். தப்பிய படியிலிருந்து, அவர் இறந்த அடுத்த ஆண்டான 1910இல் அது வெளிவந்தது. 1922இல் போலந்துக்காரரான ஒசெண்டோவ்ஸ்கி, மங்கோலியா வழியாகத் தப்பியோடியபோது ‘உலகின் அரசன்’ நிலத்தடியில் ஆள்வதாகக் கேட்டேன் என்று எழுதினார். சேன்-ஈவைப் பார்த்து எழுதினார் என்ற குற்றச்சாட்டு உடனே கிளம்பியது. 1927இல் ரெனே கெனோன் ‘உலகின் அரசன்’ என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதி ஒசெண்டோவ்ஸ்கிக்காக வாதாடினார்.

மஞ்சேரிக நாகபவனத்தின் கதையோ, இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டேர்னரின் 1837ஆம் ஆண்டு மகாவம்ச வெளியீட்டுக்குப் பிறகு ஆங்கில வாசகருக்கு எட்டாத பொருளாக இல்லை. ஆனால் மறைஞானிகளுக்கு வயிற்றில் பேழையை ஒளிக்கும் பாம்புகள் தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு மறைவான கல்விக்கூடம்.

அந்தத் தேவையின் பெரிய பேச்சாளர் கண்டிக்கே வந்தார். பிரம்மஞான சபையை 1875இல் நியூயோர்க்கில் தொடங்கிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஒல்கொட்டும் 1880 மே 17ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். மே 25ஆம் திகதி பஞ்சசீலம் எடுத்தார்கள். அடுத்த மாதம் கண்டியில் தலதா மாளிகையில் புனித தந்தத்தைப் பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. பல்லின் அளவைக் கண்டு கேள்வி எழுந்தபோது, புத்தர் புலியாய்ப் பிறந்த பிறவியின் பல் என்று அம்மையார் சொன்னதாக ஒல்கொட் தன் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1888இல் வந்த தன் பெருநூலின் முன்னுரையில், மத்திய ஆசிய மலையொன்றின் கீழே பிரிட்டிஷ் மியூசியத்தில்கூட அடங்காத அளவு நூல்கள் கொண்ட நிலத்தடி நூலகம் இருப்பதாக அதே அம்மையார் எழுதினார். கண்டியில் அவர்களுடைய சபை விட்டுப்போனது தரைக்கு மேலே நிற்கும் ஒரு பள்ளிக்கூடம்: 1887இல் தொடங்கிய தர்மராஜ கல்லூரி. ஏரியைப் பார்த்த குன்றின் மேலுள்ள அதன் விரிந்த வளாகம், இந்தியாவிலிருந்து வந்த பார்சி அதிபர் பில்லிமோரியாவின் காலத்து முயற்சி.

கண்டியின் சொந்தச் சுரங்கக் கதைகள் அரசு போன பிறகு பெருகியவை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் ஏரியைக் கட்டினான். 1815இல் பிடிபட்டு, பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டான். ஏரித்தீவுக்கும் அரண்மனைக்கும் நடுவே நீருக்கடியில் இரகசியச் சுரங்கம் இருந்ததாக ஊரில் சொல்வார்கள்; ராணிகள் அதன் வழியே போவார்களாம். ஆங்கிலேயர் அந்தத் தீவில் வெடிமருந்து வைத்தார்கள். மலையைத் துளைப்பவனே கண்டியை ஆள்வான் என்ற பழஞ்சொல்லும் உண்டு. கடுகண்ணாவையில் பாதை போடுவதற்காகக் குடைந்த பாறையைக் காட்டி இன்றும் அதைச் சொல்கிறார்கள். வெலிமடைப் பக்கத்து இஸ்திரிபுர குகைக்கும் எல்ல ஊர்ப் பக்கத்துக் குகைக்கும் இராவணனின் பெயர் ஒட்டியிருக்கிறது. சுற்றுலாத்துறையின் இராமாயணத் தடம் வந்த பிறகு அவனுடைய சுரங்கங்கள் வரைபடத்தில் நீண்டுகொண்டே போகின்றன. மேலே ஆண்டவர்கள் கீழே போய் ஆள்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட இன்று உயிரோடிருப்பது பைரவகந்தவின் பெயருக்குரிய பூதம். சிவனின் வடிவமாகத் தமிழர் அறிந்த பைரவர், சிங்கள வழக்கில் பகிரவனாகி, நிலத்துக்குள் கிடக்கும் புதையலையும் இரத்தினக் கல்லையும் காக்கும் ஆவியாக மாறியிருக்கிறான். மன்னர் காலத்தில் அந்த மலையில் கன்னிப் பெண்களைப் பலியிட்டதாக ஒரு கதை. தோட்டங்களில் நம்மவர் புற்றுக்குப் பால் ஊற்றுவதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. இரண்டிலும் கீழே இருப்பவரின் அனுமதி கேட்கப்படுகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அனுமதியின்றிப் புதையல் தேடித் தோண்டுவதைத் தடுக்கிறது. இருந்தாலும் விகாரை அருகிலும் பாழடைந்த கட்டடத்திலும் இரவில் குழி தோண்டியவர்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். பிடிபடும் கூட்டத்தில் சில வேளை மண்வெட்டிக்காரர்களோடு ஒரு பூசாரியும் இருப்பார். சான்றுப் பொருள்களோடு பூசைத் தட்டும் பொலிஸ் நிலையத்துக்குப் போகும்.