நாஞ்சில் நாடு: பரப்பும் பயன்பாடும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இதன் பரப்பு ஏறத்தாழ 1,680 சதுர கிலோமீட்டர். இன்றைய தமிழகத்தில் சுமார் 1.3 விழுக்காடே. ஆயினும் கேரளத்தின் இழப்பைப் பரப்பால் மட்டும் அளத்தல் பொருந்தாது. தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கியது; கல்குளம், விளவங்கோட்டிலோ தென்னையும் மரவள்ளியும் ரப்பரும் மிகுந்தன. 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை கல்குளத்திலும் அதன் பாசன வயல்கள் பெரிதும் நாஞ்சிலிலும் அமைந்தன. இரண்டும் ஒரே மாநிலத்தில் சேர்ந்தமையால் பாசனம் பிளவுபடவில்லை. நெய்யாற்றிலோ அணை கேரளத்திலும் பாசன நிலத்தின் ஒரு பகுதி விளவங்கோட்டிலுமாகப் பிரிந்ததால் நீர்ப்பகிர்வு வழக்காயிற்று. இன்று நாஞ்சில் வயல்கள் தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறிவருகின்றன. எல்லை மாறாமலே களஞ்சியம் சுருங்குகிறது.